மின்கம்பம் எட்டாத தோட்டத்தில் மின்சாரக் கார்: எந்த சார்ஜர், எந்த நேரம்?

ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்து வீடுகளில், முழுக்க சோலாரிலேயே ஓடுகிறவை இப்போது கணிசமாகிவிட்டன. கம்பம் நட்டு லைன் இழுக்க ஆகும் செலவைக் கேட்டுவிட்டு, அந்தப் பணத்துக்குப் பேனலும் பேட்டரியும் வைத்துக்கொண்ட குடும்பங்கள் இவை. ஃபிரிட்ஜ், ஃபேன், மிக்ஸி, வீட்டுத் தண்ணீர் மோட்டார் எல்லாம் ஓடுகின்றன. அதற்கடுத்த கேள்வி எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: நம்ம சோலாரில் கார் சார்ஜ் ஏறுமா?

ஏறும். எந்த வழியில் ஏற்றுகிறோம் என்பதில்தான் பணம் நிற்பதும் கரைவதும் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பகலில், மெதுவாக, ஆம்பியரைக் கூட்டிக் குறைக்க முடிகிற சார்ஜரில் ஏற்றுங்கள். கையிலிருக்கும் பணத்தைக் கூடுதல் பேனலில் போடுங்கள், கூடுதல் பேட்டரியில் வேண்டாம். கார் பகல் முழுக்க வெளியூரில் நிற்கும் குடும்பத்துக்கு மட்டும் பதில் வேறு.

சார்ஜரின் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பு ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று எழுதிப் பாருங்கள். சின்ன மின்சாரக் கார் ஒரு யூனிட்டுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் ஓடும். தோட்டத்திலிருந்து பக்கத்து டவுனுக்குப் போய்வர 30 கிலோமீட்டர் என்று வையுங்கள். காருக்குள் நாலேகால் யூனிட் போக வேண்டும். ஏற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்தால் பிளக்கில் 5 யூனிட். அவ்வளவுதான். காரின் பேட்டரி எவ்வளவு பெரியது என்பது இந்தக் கணக்கில் வரவே வராது. டியாகோவின் பெரிய பேட்டரி 24 யூனிட், நெக்ஸானில் 45 யூனிட் வரை உண்டு. இதைக் கேட்டதும், தினமும் 45 யூனிட் ஏற்ற வேண்டும் என்று எண்ணி, அதற்கேற்ப சிஸ்டத்தை இரட்டிப்பாக்கக் கிளம்பிவிடுகிறார்கள். தினமும் ஏற்ற வேண்டியது அன்று ஓடிய தூரத்துக்கு மட்டும்தான்.

வரவுப் பக்கம் பார்ப்போம். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல், வருடச் சராசரியாக, நாளுக்கு நாலு யூனிட் தரும். 550 வாட் பேனல் பத்து வைத்திருந்தால் 22 யூனிட். வீட்டுக்கு ஆறேழு யூனிட் போக, தெளிந்த நாளில் பதினான்கு யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஆஃப் கிரிட்டில், அதாவது மின்வாரிய லைனோடு இணைப்பே இல்லாத வீட்டில், இந்த மிச்சத்தை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. பதினோரு மணிக்கு பேட்டரி நிறைந்துவிட்டால், அதன்பின் பேனல்கள் வெயிலில் சும்மா கிடக்கும். இந்த வீணாகும் வெயிலைத்தான் கார் குடிக்க வேண்டும். ஆகவே, காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை உங்கள் கார் எங்கே நிற்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

மெதுவான பிளக்கா, வேகமான வால் பாக்ஸா

வீட்டில் கார் ஏற்றுவதற்கு இரண்டு அளவுகள் பொதுவாகக் கிடைக்கின்றன. ஒன்று, ஏசிக்கு வைக்கிற அதே பவர் பிளக்கில் செருகும் கேபிள். 3 கிலோவாட் சொச்சம் இழுக்கும். இன்னொன்று, சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் வால் பாக்ஸ். கரண்ட் லைன் உள்ள வீட்டில் வால் பாக்ஸ் நல்ல பொருள். ஆஃப் கிரிட்டில் அதன் வேகம் உங்களுக்கு எதிரி.

7.2 கிலோவாட்டை 48 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க நேர்ந்தால், இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து 165 ஆம்பியருக்கு மேல் ஓடும். கேபிள், ஃபியூஸ், பேட்டரி எல்லாமே அதற்கேற்பத் தடிக்க வேண்டும். பேனலிலிருந்தே நேராகக் கொடுக்கலாம் என்றால், சூடான மொட்டை மாடியில் பேனல் தன் பெயரளவு வாட்டில் முக்கால் பங்கோ சற்று மேலோதான் தரும் என்பதால், உச்சி வெயிலிலேயே பத்து கிலோவாட் பேனல் வேண்டும். இன்வெர்ட்டரும் பத்து கே.வி.ஏ.வுக்கு மேல். அதுவும் மணிக்கணக்கில் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு குளிர்ந்த அறைக்கான அளவு. மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குள் தொங்கும் இன்வெர்ட்டர் சூடேறித் தானாகவே சுமையைக் குறைத்துக்கொள்ளும், அல்லது நின்றுவிடும்.

பவர் பிளக் கேபிளின் 3 கிலோவாட்டே 5 கே.வி.ஏ. சிஸ்டத்துக்குக் கணிசமான சுமை. கார் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒன்றரை ஹெச்.பி. சப்மெர்சிபிள் மோட்டாரைப் போட்டால், மோட்டார் கிளம்பும் கணத்தில் பல மடங்கு கரண்ட் இழுக்கும். இன்வெர்ட்டர் ட்ரிப்பாகி வீடு முழுக்க அணைந்துவிடும். பிறகு கரண்ட் வந்தாலும் எல்லாக் கார்களும் விட்ட இடத்திலிருந்து தாமாக ஏற்றத் தொடங்குவதில்லை. மோட்டாருக்கு டைமர் போட்டு, காலை எட்டுக்குள் தொட்டியை நிரப்பிவிடுவது இதற்கு எளிய வழி.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி: ஆம்பியரை மாற்றக்கூடிய சார்ஜர். சுவரில் தொங்கும் பெட்டியை நாம் சார்ஜர் என்கிறோம். ஆனால் வீட்டு ஏ.சி. கரண்ட்டைப் பேட்டரிக்கு வேண்டிய டி.சி. கரண்ட்டாக மாற்றும் உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. சுவர்ப் பெட்டி செய்வதெல்லாம், இவ்வளவு ஆம்பியர் வரை எடுத்துக்கொள் என்று காருக்குச் சைகை காட்டுவதும், ஆபத்து என்றால் துண்டிப்பதும்தான். அந்தச் சைகையின் குறைந்தபட்ச அளவு 6 ஆம்பியர், அதாவது 1.4 கிலோவாட் அளவு. ஒரு மிக்ஸியும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்த சுமை. அந்த 6 ஆம்பியரிலேயே பத்து மணியிலிருந்து இரண்டு மணிவரை ஏற்றினால் ஐந்தரை யூனிட் போய்விடும். 30 கிலோமீட்டர் கணக்கு அங்கேயே முடிந்தது. மிகக் குறைந்த ஆம்பியரில் ஒரு குறை உண்டு. ஏறும் நேரம் முழுக்கக் காரின் சொந்த எலக்ட்ரானிக்ஸ் நூறு இருநூறு வாட் தின்றுகொண்டிருக்கும். மெதுவாக ஏற்றினால் அந்தத் தீனியின் பங்கு கூடும். 8 அல்லது 10 ஆம்பியர் நல்ல நடுவழி.

காரோடு வரும் கேபிள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் இழுக்கும். 6, 8, 10, 13, 16 என்று பொத்தானில் மாற்றும் போர்ட்டபிள் சார்ஜர்கள் தனியாகக் கிடைக்கின்றன. வால் பாக்ஸ் வாங்கினாலும், அதன் உச்ச அளவை உள்ளே குறைத்து வைக்க முடிகிறதா என்று கேட்டு வாங்குங்கள். 32 ஆம்பியர் பெட்டியை 10 ஆம்பியரில் வைத்து ஓட்டுவதில் எந்தக் கேடும் இல்லை.

மிச்சத்தைப் பார்க்கும் சார்ஜர், பார்க்க முடியாத மிச்சம்

வெயில் கூடினால் கூட்டி, மேகம் வந்தால் குறைத்து, தானாகவே ஏற்றும் சார்ஜர்கள் இருக்கின்றன. விளம்பரத்தில் பார்த்தால் நமக்காகவே செய்தது போலிருக்கும். வாங்குவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை, ஸாப்பி என்ற பெயரில் விற்கும் சார்ஜர் உட்பட, வீட்டிலிருந்து லைனுக்கு எவ்வளவு கரண்ட் வெளியே போகிறது என்று ஒரு கிளாம்ப் மூலம் அளந்து, அதையே மிச்சம் என்று கொள்கின்றன. ஆஃப் கிரிட்டில் வெளியே போவது என்று ஒன்றே கிடையாது. பேட்டரி நிறைந்ததும், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கும் எம்.பி.பி.டி. கண்ட்ரோலர் பேனலின் உற்பத்தியை வீட்டுச் சுமைக்குத் தக்கபடி இறக்கிவிடும். நண்பகலில் திரையில் 700 வாட் என்று காட்டும். நாலாயிரம் வாட் தரக்கூடிய வெயில் வெளியே அடித்துக்கொண்டிருக்கும். அந்த மூவாயிரத்துச் சொச்சம் எந்த மீட்டரிலும் தெரியாது. யாராவது கேட்டால்தான் பிறக்கும்.

ஆகவே ஆஃப் கிரிட்டில் மிச்சத்துக்கு நம்பகமான அடையாளம் வீட்டு பேட்டரியின் நிலைதான். பேட்டரி 90 சதவீதம் தாண்டினால் காரை ஏற்று, 75க்குக் கீழே இறங்கினால் நிறுத்து என்பது போன்ற ஒரு விதி. விக்ட்ரான் நிறுவனத்தின் சார்ஜர் அதே நிறுவனத்தின் ஜி.எக்ஸ். கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேசி இதைச் செய்யும். ஆனால் வீட்டு சிஸ்டமும் அந்த இனமாக இருந்தால்தான் பலன், விலையும் அதிகம். ஓப்பன் ஈ.வி.எஸ்.இ. என்ற திறந்த வடிவமைப்பு சார்ஜருக்கு, இன்வெர்ட்டரிலிருந்து அளவைப் படித்து வைஃபை வழியாக ஆம்பியரைச் சொல்லலாம். வீட்டில் ஒரு கணினிப் பிரியர் இருந்தால் அது அழகான வேலை. இரண்டுமில்லாத வீட்டில், பத்து மணிக்கு பேட்டரி அளவைப் பார்த்துவிட்டு 8 ஆம்பியரில் செருகி, இரண்டரைக்குக் கழற்றுவதே போதும். தானியங்கி ஏற்பாட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் இரண்டு பேனல் வாங்கினால், பெரும்பாலான தோட்டங்களில் அது அதிகம் உழைக்கும்.

இரவில் ஏற்ற நினைப்பவர்களுக்கு

பகலில் கார் வேலைக்குப் போய்விடுகிறது, பேட்டரியைப் பெரிதாக்கி இரவில் ஏற்றலாமா என்று கேட்பவர்கள் அதிகம். இங்கேதான் பெருந்தொகை தொலைகிறது.

பெரும்பாலான வீடுகளில் இன்னும் இருப்பது டியூபுலர் எனப்படும் ஈயப் பேட்டரி. 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர் மணி) பேட்டரி நான்கு என்றால் பெயரளவில் 7.2 யூனிட். ஆயுளைக் காக்கப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக 3.6 யூனிட். அந்த 150 ஏ.ஹெச். என்பதும், பத்து மணி நேரத்தில் 15 ஆம்பியராக எடுத்தால் கிடைக்கும் அளவு. 3 கிலோவாட் கேபிளில் ஏறும் காரோ இந்த 48 வோல்ட் பேட்டரியிடம் 75 ஆம்பியர் கேட்கும். அந்த வேகத்தில் ஈயப் பேட்டரியின் கொள்ளளவே சுருங்கிவிடும். ஒரு மணி நேரம் தாங்குவதே பெரிய விஷயம், அதில் கார் ஓடுவது இருபது கிலோமீட்டர். விடியும்வரை ஃபிரிட்ஜுக்கும் ஃபேனுக்கும் என்ன மிஞ்சும்? தினமும் இப்படி வதைத்தால், வருடக் கணக்கில் உழைக்க வேண்டிய பேட்டரி பாதியிலேயே படுத்துவிடும். டியூபுலர் பேட்டரியில் இரவில் கார் ஏற்றாதீர்கள். இதில் விதிவிலக்கு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இந்த வேலையைத் தாங்கும். 10 யூனிட் பேக் இருந்தால், இழப்பெல்லாம் போகக் காருக்குள் ஏழு யூனிட் வரை சேரும்; 50 கிலோமீட்டர். தாங்குகிறது என்பதால் அது சரியாகிவிடாது. காருக்குள்ளேயே 24 யூனிட் பேட்டரி ஒன்றுக்கு ஏற்கெனவே விலை கொடுத்திருக்கிறோம். அதை நிரப்புவதற்காக வீட்டில் இன்னொரு பேட்டரி வாங்குவது, கிணற்றை நிரப்பக் கிணறு வெட்டுவது போல. ஒரு கிலோவாட் பேனலைவிட 5 யூனிட் லித்தியம் பேட்டரிக்குப் பல மடங்கு விலை. பேனல் இருபத்தைந்து வருடம் கிடக்கும். பேட்டரி அவ்வளவு காலம் வராது.

இழப்பையும் பாருங்கள். பேனலிலிருந்து 10 யூனிட் கிளம்பினால், பகலில் நேராக இன்வெர்ட்டர் வழியே காருக்குப் போகும்போது எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல் சேரும். லித்தியம் வழியாக இரவில் போனால் ஏழரை. ஈய பேட்டரி வழியென்றால் ஆறரை சேர்ந்தாலே நல்லது.

இதனால் வீட்டு பேட்டரியே வேண்டாம் என்று அர்த்தமில்லை. பகலில் ஏற்றும்போதும் மேகம் கடக்கும் ஐந்து நிமிடம் பேனல் சட்டென்று கால்வாசிக்கு இறங்கும். அந்த இடைவெளியை பேட்டரிதான் தாங்கிப் பிடிக்கிறது. அந்தத் தாங்கலுக்கு 5 யூனிட் லித்தியம் பேக் ஒன்று போதும். பழைய டியூபுலர் காலாவதியாகும்போது அதற்கு மாறிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

காருக்கென்று தனிப் பேனல், தனி இன்வெர்ட்டர் வைப்பவர்களும் உண்டு. வீட்டு இன்வெர்ட்டர் 3 கே.வி.ஏ.வுக்குக் கீழே இருந்தால், அல்லது அது சுத்தமான சைன் அலை தராத பழைய சதுர அலை வகையாக இருந்தால், இது யோசிக்க வேண்டிய வழிதான். சதுர அலை கரண்ட்டைக் காரில் செருகவே கூடாது. கார் ஷெட்டின் கூரையிலேயே பேனல் போட்டால் நிழலும் ஆயிற்று. 5 கே.வி.ஏ. ஏற்கெனவே இருக்கிற வீட்டில் இது இரட்டைச் செலவு.

சோலார் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஆசை வரும். ஐந்து, ஏழரை ஹெச்.பி. பம்புக்கான பேனல்கள் மழைக்காலத்திலும் அறுவடை முடிந்த பிறகும் வாரக்கணக்கில் வேலையில்லாமல் நிற்கின்றன. விவசாய சோலார் பம்புக்கு மானியம் தரும் பி.எம். குசும் திட்டத்தில், அதே பேனலில் தீவனம் வெட்டும் இயந்திரம், மாவு மில், பேட்டரி சார்ஜர் போன்றவற்றை ஓட்ட யுனிவர்சல் சோலார் பம்ப் கண்ட்ரோலர் என்ற வகைக்கு மத்தியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் இடம் கொடுத்திருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் சாதாரண பம்ப் கண்ட்ரோலரிலிருந்து வருவது, வெயிலுக்கேற்ப அதிர்வெண் ஏறி இறங்கும் மும்முனைக் கரண்ட். காருக்கு வேண்டியது 50 ஹெர்ட்ஸில் அசையாமல் நிற்கும் 230 வோல்ட். அந்தக் கண்ட்ரோலரின் வெளியீட்டில் கார் கேபிளைச் செருகவே கூடாது. மானியத்தில் வந்த பேனலை வேறு இன்வெர்ட்டருக்கு மாற்ற நினைத்தால் வேளாண் பொறியியல் துறையிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பக்கத்திலேயே விவசாய இலவச மின்சார இணைப்பு இருந்தால் அதில் காரைச் செருகும் எண்ணமும் வேண்டாம். ஒரு காரியத்துக்கென்று கொடுத்த இணைப்பை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவில் வருகிறது. இரு மடங்கு கட்டணம் போடுவார்கள். டீசல் ஜெனரேட்டரிலும் லாபமில்லை. லிட்டருக்கு மூன்று யூனிட் வரும், அதில் இருபது கிலோமீட்டர் ஓடலாம். டீசல் காரே அதைக் கொடுத்துவிடுமே.

பகலில் கார் நிற்காத குடும்பத்துக்கு என் பதில் இதுதான்: வார நாட்களில் வேலையிடத்திலோ டவுனிலோ ஏற்றிக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் 16 ஆம்பியரில் ஐந்து மணி நேரம் ஏற்றுங்கள். அந்த ஒரே பகலில் 16 யூனிட்டுக்கு மேல், அதாவது நூறு கிலோமீட்டர் உள்ளே போகும். தினசரி ஓட்டமே பால் சொசைட்டி, மளிகைக் கடை, பள்ளிக்கூடம் என்றால், மின்சார ஸ்கூட்டர் ஒன்றை முதலில் வாங்குங்கள். ஆயிரம் வாட்டுக்குள் இழுக்கும், இன்றிருக்கும் சிஸ்டத்திலேயே ஏறிவிடும், கார் பிறகு வரட்டும்.

எலக்ட்ரீஷியனை உட்காரவைத்துப் பேச வேண்டிய விஷயம்

எல்லாம் வாங்கி மாட்டிய பிறகு, சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்து எர்த் கோளாறு என்று அடம்பிடிப்பது ஆஃப் கிரிட் வீடுகளில் அடிக்கடி நடப்பது. லைன் உள்ள வீட்டில் நியூட்ரல், மின்வாரியத்தின் டிரான்ஸ்ஃபார்மரிலேயே எர்த்தோடு இணைந்து வருகிறது. ஆஃப் கிரிட் இன்வெர்ட்டர் பலவற்றில் அப்படி இணைப்பு இருக்காது. இரண்டு கம்பியும் மிதந்துகொண்டிருக்கும். டெஸ்டர் வைத்தால் இரண்டிலும் எரியும், மீட்டர் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் இடையே நூற்றுச் சொச்சம் வோல்ட் காட்டும். கார் சார்ஜர் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் கரண்ட் விடும் என்பதால் மறுக்கிறது.

அந்த மறுப்பை ஏமாற்ற வழி தேடாதீர்கள். இன்வெர்ட்டரின் வெளிப்பக்க நியூட்ரலை ஒரே ஓர் இடத்தில், மெயின் போர்டில், எர்த்தோடு இணைக்க வேண்டும். இன்வெர்ட்டர் கையேட்டில் அதற்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில மலிவான இன்வெர்ட்டர்களில் இணைத்தால் உள்ளே புகைந்துவிடும். இந்த இணைப்பு இல்லாத வீட்டில், கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் மாட்டியிருந்தாலும் ஷாக் அடிக்கும்போது அது விழாது. இதற்காகவே, கார் இல்லாவிட்டாலும், செய்ய வேண்டிய வேலை இது. காருக்கான ஆர்.சி.சி.பி. டைப் ஏ வகையாக இருக்கட்டும். சார்ஜருக்குள் 6 மில்லி ஆம்பியர் டி.சி. கசிவைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு இருக்கிறதா என்றும் கேளுங்கள். வீடுகளில் வழக்கமாக மாட்டும் ஏ.சி. வகை, டி.சி. கசிவு வந்தால் குருடாகிவிடும். எர்த் குழியில் கோடையில் தண்ணீர் ஊற்றுவதை மறக்கக் கூடாது. மண் காய்ந்தால் எர்த்தும் காய்ந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை

வருடச் சராசரி நாலு யூனிட் என்பது அடைமழை வாரத்தில் ஒரு யூனிட்டாகிவிடும். பத்துப் பேனல் வீட்டிலும் ஐந்தாறு யூனிட்தான், அது வீட்டுக்கே சரி. அந்த வாரங்களுக்கும் ஈடுகொடுக்கும்படி பேனலைக் கூட்டிக்கொண்டே போவது வீண். மலையடிவாரத் தோட்டங்களில் ஆடி மழையும் சேர்ந்துகொள்ளும். மழைக்காலத்தில் டவுனில் வேகச் சார்ஜரில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். வருடத்தில் சில வாரம் காசு கொடுத்து ஏற்றுவது, அதற்காகச் சிஸ்டத்தை இரட்டிப்பாக்குவதைவிட எவ்வளவோ மலிவு.

இங்கே கார் திருப்பிக் கொடுக்கவும் முடியும். நெக்ஸான், கர்வ் போன்ற கார்களின் சில வகைகளில், காரிலிருந்து 230 வோல்ட் கரண்ட் எடுக்கும் வசதி, வி டு எல், இருக்கிறது. 3 கிலோவாட் அளவுக்குத் தரும். டவுனிலிருந்து நிரம்பி வந்த காரில் பத்து யூனிட் எடுத்தாலும், வெயிலே காணாத ஒன்றிரண்டு நாட்களுக்கு ஃபிரிட்ஜும் விளக்கும் ஓடிவிடும். இரண்டு விலைக்குள் ஊசலாடுகிறீர்கள் என்றால், ஆஃப் கிரிட் வீட்டுக்கு இந்த வசதியுள்ள காருக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம் என்பேன்; ஜெனரேட்டர் வாங்கும் செலவு மிச்சம். ஆனால் காரிலிருந்து வரும் ஒயரைச் சுவர் பிளக்கில் திருப்பிச் செருகி வீட்டுக்கு உயிர் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இன்வெர்ட்டரும் காரும் ஒரே கம்பியில் மோதினால் இரண்டும் போகும், கம்பியைத் தொட்டவரும் போவார். ஃபிரிட்ஜை நேராகக் காரின் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். வீட்டு ஒயரிங்குக்கே கொடுக்க வேண்டுமென்றால், பேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே மாற்றும் இரண்டு போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்ட பிறகு கொடுங்கள்.